நின்று பார்த்த நாடகம்



இந்த வருஷத் திருவிழாவில் மண்டபத்து முன்வரிசையில் வழக்கமாகப் போடும் நாற்காலிகள் ஏன் இல்லை என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். ஒருத்தர் என்னிடம் நேராகவே, "இருபது வருஷமா உபயம் செய்றேன், எனக்கு உட்கார ஒரு இடம் இல்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அந்த நாற்காலிகளை ஓரமாகப் போடலாம் என்று நிர்வாகத்தில் எடுத்துச் சொன்னவன் நான். அதனால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். பதில் கொஞ்சம் நீளம். லண்டன் வரைக்கும் போய்விட்டு வர வேண்டும். பொறுமையாகப் படிக்கவும்.

என் மகள் லண்டனில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் நானும் வீட்டுக்காரம்மாவும் அவளைப் பார்க்கப் போனோம். நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இருபத்தெட்டு வருஷ வேலையில் நான் எடுத்த முதல் நீண்ட லீவு அது. அரண்மனை, பாலம், மியூசியம் எல்லாம் பார்த்தாச்சு. ஒரு நாள் மகள் சொன்னாள், "அப்பா, நாளைக்கு நாடகம் பார்க்கப் போறோம். ஷேக்ஸ்பியர். டிக்கெட் வாங்கிட்டேன்."

"எவ்வளவும்மா?"

"அஞ்சு பவுன்பா."

நம்ம காசுக்கு முப்பது வெள்ளிகூட இல்லை. லண்டனில் ஒரு வேளைச் சாப்பாடே அதைவிட அதிகம். எனக்குச் சந்தோஷம். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள், "ஆனா சீட் இல்லப்பா. நின்னுக்கிட்டே பார்க்கணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காசும் கொடுத்துட்டு மூணு மணி நேரம் நிக்கணுமா? அப்பா பின்னால நிக்கிற ஆளுன்னு முடிவே பண்ணிட்டியா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "வந்து பாருங்கப்பா" என்றாள்.

மறுநாள் செயிண்ட் பால் தேவாலயத்துப் பக்கம் இறங்கி, தேம்ஸ் ஆற்றின் மேல் இருக்கும் நடைபாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போனோம். ஆற்றோரமாக வெள்ளைச் சுவரும் மரச்சட்டமுமாக வட்டமான ஒரு கட்டடம். அதன் மேல் கூரை வேய்ந்திருக்கிறார்கள். ஆமாம், நாணல் கூரை! சுற்றி எல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் நம்ம பழைய கம்பத்து வீடு மாதிரி இது. பேர் குளோப்.

இதன் கதையை மகள் பாலத்தில் நடக்கும்போதே சொன்னாள். முதல் குளோப் 1599-இல் கட்டியது. அதற்கு முன் நாடகக்காரர்கள் ஆற்றுக்கு வடக்கே வேறு இடத்தில் கொட்டகை வைத்திருந்தார்கள். குத்தகை முடிந்ததும் நிலத்துக்காரரோடு தகராறு. 1598 டிசம்பர் கடைசியில், குளிர் காலத்தில், அந்தக் கொட்டகையை மரம் மரமாகப் பிரித்து, ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து அதே மரத்தில் குளோப்பைக் கட்டினார்கள். இதைக் கேட்டதும் நானும் வீட்டுக்காரம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தோட்டத்தை விற்ற பிறகு நம்ம மாரியம்மன் கோயிலை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். தகரமும் தூணும் விடாமல் கழற்றி வந்தோமே, அந்த ஞாபகம்.

1613-இல் ஒரு நாடகத்தில் ராஜா வருகைக்குப் பீரங்கி வெடித்தபோது தீப்பொறி கூரையில் பட்டு மொத்தமும் எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு ஆளின் கால்சட்டையில் தீப்பிடித்து, பக்கத்தில் இருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம். மறுவருஷமே திரும்பக் கட்டினார்கள். 1642-இல் நாடகமே கூடாது என்று தடை வந்தது. அதன் பிறகு கொட்டகையை இடித்துவிட்டார்கள்.

அப்புறம் முந்நூறு வருஷம் அங்கே ஒன்றும் இல்லை. 1949-இல் அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் லண்டன் வந்து குளோப் எங்கே என்று தேடினார். ஒரு பீர் ஆலைச் சுவரில் கறுத்துப்போன ஒரு பலகைதான் கிடைத்தது. ஷேக்ஸ்பியர் நாடகம் நடந்த இடத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று அவருக்கு மனசு ஆறவில்லை. 1970-இல் அறக்கட்டளை ஆரம்பித்து, இருபது வருஷத்துக்கு மேல் நிதிக்காக அலைந்தார். 1993-இல் காலமாகிவிட்டார். கொட்டகை திறந்தது 1997-இல். கட்ட நினைத்தவர் கடைசியில் அதைப் பார்க்கவில்லை. கோயில் கட்டும் குழுவில் இருந்தவர்களுக்கு இந்த வலி புரியும். நம்ம கோயிலிலும் கும்பாபிஷேகம் பார்க்காமலே போனவர்கள் இருக்கிறார்கள்.

வாசலில் தரைக் கல்லில் எல்லாம் பேர் செதுக்கியிருக்கிறது. என்னவென்று பார்த்தால் காசு கொடுத்தவர்கள் பேராம். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நம்ம ஊரில் டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைக்கிற மாதிரி உபயதாரர் பேர் எழுதுவோமே, இங்கே காலடியில் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் அதன் மேல் மிதித்துத்தான் உள்ளே போகிறோம்.

உள்ளே போனதும் என் தொழிற்சாலைக் கண் முதலில் கூரையைத்தான் பார்த்தது. 1666-இல் லண்டனே பற்றி எரிந்த பெருந்தீக்குப் பிறகு, அந்த நகரத்தில் கூரை வேய அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இதுதானாம். கூரை உச்சியில் தண்ணீர் தெளிக்கும் குழாய் வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. சட்டம் முழுவதும் ஓக் மரம், மர ஆப்பு அடித்தே இணைத்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் வானம் பார்த்த முற்றம். சுமார் 700 பேர் நிற்கலாம். முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு மேடை. முற்றத்தைச் சுற்றி மூன்று அடுக்கு மாடம், அதில் மர பெஞ்சு. கூரை மாடத்துக்கும் மேடைக்கும் மட்டும்தான். நிற்கிறவர்களுக்கு 'கிரவுண்ட்லிங்' என்று அந்தக் காலத்திலேயே பேர் உண்டு. அப்போது ஒரு பென்னி கொடுத்தால் நிற்கலாம், இன்னொரு பென்னி கொடுத்தால் உட்காரலாம்.

நான் பின்னால் ஒரு மூலையைத் தேடினேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய் மேடை விளிம்பில் நிறுத்தினாள். மேடைப் பலகை என் நெஞ்சு உயரம். முழங்கையை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். திரும்பிப் பார்த்தேன். எங்களைவிடப் பத்து மடங்கு காசு கொடுத்தவர்கள் எங்களுக்குப் பின்னால், மேலே, தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

குறைந்த காசு கொடுத்தவன் மேடைக்குப் பக்கத்தில். எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் எனக்குள்ளே ஏதோ குத்தியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று நடந்த நாடகம் எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம். என் எஸ்பிஎம் இங்கிலீஷுக்கு அந்தப் பழைய பாஷையில் பாதிகூடப் பிடிபடவில்லை. ஆனால் முதல் நாள் ராத்திரியே மகள் கதை சொல்லியிருந்தாள். ஏதென்ஸ் நகரத்து ராஜாவுக்குக் கல்யாணம். காட்டில் தேவதைகள் சண்டை, காதலர்கள் குழப்பம், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ராஜா கல்யாணத்தில் நாடகம் போட ஆசைப்படும் ஆறு தொழிலாளிகள். தறி நெய்பவன், தச்சு வேலைக்காரர் ரெண்டு பேர், துருத்தி ரிப்பேர் செய்பவன், பாத்திரம் பழுது பார்ப்பவன், தையல்காரன். பகலெல்லாம் வேலை, ராத்திரி காட்டில் ஒளிந்து ஒத்திகை. பெண் வேஷம் கட்டச் சொன்னால் துருத்திக்காரன், எனக்குத் தாடி முளைக்குதே என்கிறான். ஒருத்தன் சுவர் வேஷம் கட்டுகிறான். இவர்களுக்கு ஒரே கவலை, சிங்கம் வந்தால் சபையில் பெண்கள் பயந்துவிடுவார்களே என்று.

காதலர்கள் கதை எனக்கு வந்து போனது. இந்த ஆறு பேர் வந்ததும் நான் மேடையை விட்டுக் கண் எடுக்கவில்லை. இவர்களை எனக்குத் தெரியும். இவர்களோடுதான் நான் வளர்ந்தேன்.

கெடாவில் எங்கள் தோட்டத்தில் வருஷம் ஒரு தடவை மாரியம்மன் திருவிழா. மூன்றாம் நாள் ராத்திரி நாடகம். விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து பால் மரம் சீவப் போகிற ஆட்கள்தான் நடிகர்கள். ஒரு வருஷம் வள்ளி திருமணம் போட்டார்கள். வள்ளி வேஷம் கட்டியவர் பால் லாரி டிரைவர். என் அப்பாவுக்கு யானை வேஷம். முருகனுக்காக விநாயகர் யானையாக வந்து வள்ளியைப் பயமுறுத்துவாரே, அந்த யானை. சாக்குத் துணியில் தைத்து, கரி பூசி, ரப்பர் குழாயில் தும்பிக்கை. ஒரு மாதம் லயத்துக்குப் பின்னால் அப்பா பிளிறிப் பழகினார்.

முன்வரிசையில் நாற்காலி. தோட்டத்துத் துரை, அவர் குடும்பம், கிராணிமார். அவர்களுக்குப் பின்னால் பாய் விரித்து நாங்கள். அப்பா யானையாக ஓடி வந்ததும் துரை வீட்டுச் சின்னப் பிள்ளை வீறிட்டு அழுதது. அப்பா அப்படியே நின்றுவிட்டார். தும்பிக்கையைத் தூக்கிவிட்டு, கரி வழிந்த முகத்தைக் காட்டி, "பயப்படாத பாப்பா, நான்தான்" என்றார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். கிராணிமாரும் சிரித்தார்கள். நாடகம் கெட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னை 'யானை மகன்' என்று கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயசு. ஒரு வாரம் அப்பாவோடு நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை.

லண்டனில் அந்தத் தச்சன் சிங்க வேஷத்தோடு வந்து, பயப்படாதீர்கள், நான் சிங்கம் இல்லை, ஒரு தச்சன்தான் என்கிற மாதிரி சொன்னபோது மொத்தக் கொட்டகையும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நாலு நூற்றாண்டுக்கு முன்னால் இங்கே ஒருத்தர் என் அப்பாவை எழுதி வைத்திருக்கிறார். மேடையில் உட்கார்ந்து பார்க்கும் பெரிய மனுஷர்கள் அந்தத் தொழிலாளிகளைக் கேலி பேசுகிறார்கள். ஆனால் நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் ராஜாதான். இவர்களுக்கு ஒன்றும் வராது என்று பக்கத்தில் இருப்பவர்கள் தடுத்தும் கேட்கவில்லை. கள்ளமில்லாமல், கடமையாகக் கொண்டுவந்து கொடுப்பதில் குறை கிடையாது என்பது அவர் கருத்து.

அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளை அழுததும் தன் வேஷத்தைக் கலைத்தாரே, அது அவமானம் இல்லை, அவருடைய மனசு என்று எனக்குத் தெரிய ஐம்பது வயசுக்கு மேல் ஆகியிருக்கிறது. நேரில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்தது. முற்றத்தில் குடை பிடிக்கக் கூடாது, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால். தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். நாடகம் நிற்கவில்லை. நடிகர்கள் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பகல் வெளிச்சம், அதனால் அவர்களுக்கு எங்கள் முகம் தெரிகிறது. நனைந்த எங்களைப் பார்த்து ஒரு நடிகர் வானத்தைக் காட்டிக் கண் சிமிட்டினார்.

வீட்டுக்காரம்மாவுக்கு மூட்டுவலி. அதுவரை மேடையில் சாய்ந்து சமாளித்தாள். கூட்டம் நெருக்கியதில் கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டுவிட்டாள். நான் கவனிக்கவில்லை. நாடகத்தில் இருந்தேன். கவனித்தது அங்கே நின்ற ஒரு தொண்டர் அம்மா. எழுபது வயசு இருக்கும், வெள்ளைக்காரப் பாட்டி. சத்தம் இல்லாமல் வந்தார். முன்னால் நின்ற உயரமான ரெண்டு பையன்கள் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அவர்கள் உடனே விலகினார்கள். வீட்டுக்காரம்மா கையைப் பிடித்துக் கொண்டுவந்து திரும்பவும் மேடை விளிம்பில் சாய வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். அரை நிமிஷ வேலை.

இடைவேளையில் மகளை அழைத்துக்கொண்டு போய் நன்றி சொன்னேன். அங்கே கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் சம்பளம் இல்லாத தொண்டர்களாம். நானும் எங்கள் ஊர் கோயிலில் இதே வேலைதான் செய்கிறேன் என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "உங்கள் வேலையில் கஷ்டமானது எது?" என்று கேட்டேன். "மேடையைப் பார்க்காமல் இருப்பது" என்றார். "மேடையைப் பார்க்க எழுநூறு பேர் இருக்கிறார்கள். நான் அந்த எழுநூறு பேரைப் பார்க்க வேண்டும்."

இப்போது, குத்தியது என்று சொன்னேனே, அதைச் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் கும்பாபிஷேகம். நான் தொண்டர் குழுவில் கயிறு பிடிக்கும் வேலை. கயிற்றை ஒட்டி ஒரு பாட்டி நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஒரு செம்பு. தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தாராம், விடிவதற்கு முன்பே அங்கே நிற்கிறார். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு பெரிய மனுஷர் குடும்பம் வந்தது. ஏழெட்டுப் பேர். இடம் ஒதுக்கச் சொன்னார்கள். நான்தான் பாட்டியிடம், "பாட்டி, கொஞ்சம் பின்னால போங்க, விஐபி வர்றாங்க" என்றேன். அவர் சண்டை போடவில்லை. "பரவால்ல தம்பி, எனக்கு நின்னு பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பந்தல் கால் மறைத்த இடத்துக்கு. கலசத்தில் தண்ணீர் விழுந்தபோது எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பாட்டி பக்கம் திரும்பினேன். அவர் பந்தல் துணியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பிறகு நான் பார்க்கவில்லை. பேர்கூடத் தெரியாது. தப்பு கோயிலுடையது இல்லை, நிர்வாகத்துடையது இல்லை. வாய் திறந்து சொன்னவன் நான்.

நந்தனார் கதை நாம் எல்லாரும் கேட்டதுதான். திருப்புன்கூரில் வெளியே நின்றவருக்குத் தரிசனம் மறைக்கிறது என்று சிவபெருமான் நந்தியையே விலகச் சொன்னார். நந்தி விலகியது. இன்றைக்கும் அங்கே நந்தி தள்ளித்தான் இருக்கிறது. சாமி, நிற்பவருக்காக நந்தியை நகர்த்தினார். நான், உட்காருபவருக்காகப் பாட்டியை நகர்த்தினேன்.

நாடகம் முடிந்ததும் குளோப்பில் ஒரு வழக்கம். செத்தவர், ராஜா, வேலைக்காரன் என்று பேதமில்லாமல் எல்லா நடிகர்களும் சேர்ந்து ஆடுவார்கள். ராஜாவும் தறிக்காரனும் கையைக் கோத்து ஆடினார்கள். முற்றத்தில் நனைந்து நின்ற நாங்களும் கைதட்டினோம். நம்ம சாமிக்குக் கூத்தன் என்று பேர். ஆடுகிற இடத்துக்குச் சபை என்று பேர். எனக்கு அது அன்றைக்கு ஞாபகம் வந்தது.

ஊருக்கு வந்த பிறகு உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. தைரியம் வரவில்லை. இந்த வருஷம்தான் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். நாற்காலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயசானவர்கள், உபயதாரர்கள் உட்கார வேண்டியதுதான். அதை ரெண்டு ஓரத்திலும் போடுவோம், சாமிக்கு நேர் எதிரே நிற்பவர்களுக்கு விடுவோம், நிற்க முடியாத முதியவர் யாராக இருந்தாலும் அங்கேயே ஸ்டூல் கொடுப்போம் என்றேன். காரசாரமாகப் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு வருஷம் செய்து பார்ப்போம் என்று தலைவர் ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி. அடுத்த வருஷம் எப்படி என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

என்னிடம் கேட்ட அந்த உபயதாரர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இருபது வருஷ உபயம் இல்லாமல் நம் கோயில் விளக்கு எரியாது. உங்களை நான் பின்னால் தள்ளவில்லை. உங்கள் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன். அதனால் மனம் நொந்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

தொண்டர் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. தீபாராதனை நேரத்தில் நமக்கும் சாமியைப் பார்க்க ஆசையாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் சாமிக்கு முதுகு காட்டி நின்று கூட்டத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் பையோடு ஒரு பாட்டி எங்கேயாவது தூணுக்குப் பின்னால் நிற்பார். கையைப் பிடித்து முன்னால் கூட்டி வாருங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

திருச்சிற்றம்பலம்.